வெடித்த இணைப்பு

பழைய டிராக்டரில் எரிபொருள் கசிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் குழாய் இன்னொரு பாகத்தோடு சேரும் இடம். தொட்டிக்குக் கீழே உள்ள திருகு, பித்தளை எல்போ, பேஞ்சோ போல்ட், யூனியன் நட் ஆகிய இந்தச் சிறு பாகங்கள் விரல் நீளம்கூட இருப்பதில்லை. ஆனால் இரண்டு உலோகங்கள் சந்திப்பதும், இறுக்கத்தின் விசை குவிவதும், நீண்ட குழாயின் அதிர்வு வந்து முடிவதும் அங்கேதான். வெடிப்பும் அங்கேதான் பிறக்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள டிராக்டர் பட்டறைகளுக்கு இது அன்றாட வேலை. வெடிப்பை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். வெடிக்க வைத்த விசை எது என்று தேடி, அதையும் நீக்கினால்தான் அது பழுதுபார்ப்பு. அந்த விசை இருக்கும்வரை புதிய பாகமும் அதே இடத்தில் வெடிக்கும்.

மேலை நாடுகளில் பழைய டிராக்டரின் எரிபொருள் கசிவு என்றாலே கார்புரேட்டரைத்தான் பார்ப்பார்கள். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட பெர்குசன் டி.இ.20 வண்டிகளில் பெட்ரோலில் ஓடியவை பல. பெட்ரோலில் கிளப்பி, மண்ணெண்ணெய் போன்றதோர் எரிபொருளில் ஓட்டியவையும் உண்டு. எரிபொருள் தொட்டியிலிருந்து தன் எடையாலேயே இறங்கி, வார்ப்பால் ஆன கார்புரேட்டர் உடலுக்குள் ஒரு சிறு இணைப்பின் வழியே நுழைகிறது. இத்தகைய இணைப்புகளில் கூம்பு மரை வைக்கும் வழக்கம் உண்டு. கூம்பு மரை உள்ளே போகப் போகத் தன்னைச் சுற்றியுள்ள உலோகத்தை விரித்துக்கொண்டே போகும். கசிவை நிறுத்த இன்னும் கால் சுற்று, இன்னும் கால் சுற்று என்று இறுக்குபவர் உண்மையில் வார்ப்புக்குள் ஆப்பு அடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு கட்டத்தில் வார்ப்பு பிளக்கிறது. பிறகு எவ்வளவு இறுக்கினாலும் கசிவு கூடுமே தவிரக் குறையாது.

தமிழ்நாட்டு வயல்களில் டிராக்டர் பரவலானது டீசல் எஞ்சினோடுதான். மாஸ்ஸி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது 1960இல். அதன் 1035 மாதிரி தமிழ்நாட்டில் பல தலைமுறை உழவர்களுக்குப் பழகிய வண்டி. 1840இல் சென்னையில் குதிரை வண்டிகள் கட்டத் தொடங்கிய சிம்சன் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின்தான் அதை இழுக்கிறது. டீசல் எஞ்சினுக்குக் கார்புரேட்டர் கிடையாது. இந்தப் பகுதியில் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டுமானால் முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பானிலும் பழைய இருசக்கர வண்டிகளிலும் பார்க்கலாம். ஆனால் வார்ப்பு உடலுக்குள் பித்தளையோ எஃகோ மரையேறும் அதே நிலைமை டீசல் டிராக்டரின் ஃபில்டர் தலையிலும் ஃபீட் பம்பின் வாயிலும் உண்டு. அலுமினிய வார்ப்பான ஃபில்டர் தலையில் பேஞ்சோ போல்ட் ஏறும் கழுத்துதான் கார்புரேட்டர் இணைப்பின் இடத்தில் நின்று அதே நோயை வாங்கிக்கொள்கிறது.

எந்த இடத்தில் கசிகிறது என்பதை அறிய டீசல் போகும் வழியை அறிய வேண்டும். தொட்டியிலிருந்து வண்டல் தங்கும் கிண்ணம் வழியாக ஃபீட் பம்புக்கு வருவது முதல் கட்டம். ஃபீட் பம்ப் தள்ள, ஃபில்டர்களைக் கடந்து, ஊசி பம்புக்குப் போவது இரண்டாம் கட்டம். இங்கே அழுத்தம் ஒரு பாருக்கும் குறைவு. ஊசி பம்பிலிருந்து எஃகுக் குழாய்கள் வழியே நாசில்களுக்குப் போவது மூன்றாம் கட்டம். இங்கே அழுத்தம் ஏறத்தாழ 200 பார் அளவுக்கு உயர்கிறது. நாசிலில் மிஞ்சும் டீசல் தொட்டிக்குத் திரும்பும் மெல்லிய குழாய் நான்காவது. நான்கிலும் வெடிப்பு ஒன்றுதான். அது காட்டும் குணம் வேறு வேறு.

இரண்டாம் கட்டத்தில் வெடித்தால் எஞ்சின் ஓடும்போது ஈரம் தெரியும், சொட்டும், தரையில் கறை படியும். அது நேர்மையான கசிவு, கண்ணால் கண்டுவிடலாம். முதல் கட்டத்தில் வெடித்தால் அப்படியல்ல. வண்டி நிற்கும்போது தொட்டியின் உயரம் காரணமாக மெல்லச் சொட்டலாம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஃபீட் பம்ப் உறிஞ்சுகிறது. தொட்டியின் வலை பாதி அடைத்திருந்தால் உறிஞ்சல் இன்னும் கூடுகிறது. அப்போது வெடிப்பின் வழியே டீசல் வெளியே வருவதில்லை. காற்று உள்ளே போகிறது. ஒரு சொட்டுகூட விழாத வண்டி, சேற்றில் பாரம் ஏறியதும் திணறி நின்றுவிடும். ஏர் எடுத்தால், அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றினால், கிளம்பும். அரைமணி கழித்து மறுபடியும் நிற்கும். பம்பைக் கழற்றி, நாசிலைச் சோதித்து, பெரிய செலவு செய்த பிறகும் நோய் அப்படியே இருக்கும். பம்புக்குப் போகும் குழாயில் ஒரு சாண் அளவுக்கு ஒளிபுகும் ஹோஸை இடையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் குமிழ்கள் ஓடுவது தெரியும். வெளியே தெரியும் கசிவைவிட உள்ளே இழுக்கும் கசிவே ஆபத்தானது. பழைய விநியோக வகை ஊசி பம்பின் உட்பாகங்களுக்கு டீசலே மசகு. காற்றும் நீரும் கலந்த டீசல் அவற்றைத் தேய்த்துவிடும்.

வெளியே சொட்டுவதையும் சிறிதாக எண்ணக் கூடாது. ஒரு சொட்டு 0.03 மில்லிலிட்டர் என்று கொண்டாலும், நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாளில் இரண்டரை லிட்டருக்கு மேல் மண்ணில் போகும். இந்தியத் தர வரையறைப்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் வரை கீழே இருக்கலாம். சித்திரை வெயிலில், சூடேறிய எஞ்சினின் பக்கத்தில், அந்த வெப்பநிலை எளிதில் தாண்டப்படும். பெட்ரோலோ உறைநிலைக்கும் மிகக் கீழேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். விசைத்தெளிப்பானின் கார்புரேட்டரில் ஒழுகும் பெட்ரோல் அதைச் சுமப்பவரின் முதுகிலேயே இறங்குகிறது. அந்தக் கருவியை ஒழுகலோடு ஒரு வேளைகூட ஓட்டக் கூடாது.

வெடிப்புக்கான காரணங்களில் முதன்மையானது மிகை இறுக்கம். பேஞ்சோ போல்ட் உள்ளே துளையுள்ளது. அதன் இருபக்கமும் செப்பு வாஷர்கள் உண்டு. கசிவைத் தடுப்பது போல்ட்டின் மரை அல்ல, மென்மையான செம்பு நசுங்கி இரு பரப்புகளின் சிறு மேடு பள்ளங்களை நிரப்புவதுதான். ஒருமுறை நசுங்கிய செம்பு கடினமாகிவிடும். அதே வாஷரை மறுபடி போட்டால் அது நசுங்காது, கசியும், கசிவதைக் கண்டு நீண்ட ஸ்பேனரால் இறுக்குவார்கள், அலுமினியக் கழுத்து பிளக்கும். சில ரூபாய் வாஷர் ஒன்றை மாற்றாததால் ஃபில்டர் தலையே போகிறது. புது வாஷர் கிடைக்காத இடத்தில், பழையதைச் சிவக்கக் காய்ச்சி நீரில் முக்கினால் செம்பு மீண்டும் மென்மையாகும். எஃகை இப்படிச் செய்தால் கடினமாகும். செம்பு அதற்கு நேர்மாறு. மேலே படிந்த கருப்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் வாஷர் மறுபடி பயன்படும்.

இரண்டாவது காரணம் குழாயின் இழுப்பு. வளைவு சரியாக அமையாத குழாயை இழுத்துப் பிடித்து நட்டை ஏற்றினால், அந்த இழுப்பு விசை வண்டி நிற்கும்போதும் இணைப்பின்மேல் இருந்துகொண்டே இருக்கும். மூன்றாவது அதிர்வு. குழாயைத் தாங்கும் கிளாம்ப்புகள் ஒன்றிரண்டு காலப்போக்கில் காணாமல் போகின்றன. தாங்கலின்றித் தொங்கும் குழாய் எஞ்சினின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுகிறது. கேஜ் வீல் மாட்டிய வண்டி வயலிலிருந்து வரப்பேறிச் சாலையைக் கடக்கும்போது அந்த இரும்புச் சக்கரத்தின் அடி ஒவ்வொன்றும் இணைப்பின் கழுத்தில் போய் முடிகிறது.

நான்காவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மழைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் தொடர்புடையது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினரின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்தன. யாரும் அவற்றை அடிக்கவில்லை, வளைக்கவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் காரணத்தை விளக்கினர். உறைகளை உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிய இழுவிசை ஒரு பக்கம். குதிரைகளின் சிறுநீரிலிருந்து ஈரக்காற்றில் கலந்த அம்மோனியா மறுபக்கம். இரண்டும் சேர்ந்தபோது பித்தளை பிளந்தது. ஒன்றை நீக்கினால் போதும், வெடிப்பு நிற்கும். சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கி உள்விசையைத் தளர்த்திய உறைகள் அதே காற்றில் வெடிக்கவில்லை.

டிராக்டரை மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் நிறுத்தி, அதன் பக்கத்திலேயே யூரியா மூட்டைகளை அடுக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. மாட்டுச் சிறுநீரும், ஈரத்தில் சிதறிச் சாணத்தோடு கலக்கும் யூரியாவும் அம்மோனியாவைத் தருகின்றன. மிகையாக இறுக்கிய பித்தளை நட்டுக்கு இழுவிசை ஏற்கெனவே உண்டு. துத்தநாகம் மிகுந்த பித்தளையானால் தோட்டா உறைக்கு நேர்ந்தது இதற்கும் நேரலாம். நட்டின் நீளவாக்கில், மயிரிழை போல, நேராக ஓடும் வெடிப்பு இந்த வகை என்று ஐயுறத் தக்கது. அப்படிப்பட்ட நட்டைப் பற்றவைப்பது வீண். புது நட்டைப் போட்டு, அளவாக இறுக்கி, வண்டியை நிறுத்தும் இடத்தை மாற்றுவதே மருந்து.

வெடிப்பைக் கண்டறியக் கருவிகள் அதிகம் தேவையில்லை. பாகத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மேற்பரப்பை நன்கு துடைத்து, சாக்பீஸ் தூளை மெல்லப் பூச வேண்டும். வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் சிறிது நேரத்தில் வெளியே ஊறி, வெண்மைக்கு நடுவே கருங்கோடாகத் தெரியும். ரயில் பட்டறைகளில் அச்சுகளைச் சோதிக்க நெடுங்காலம் கையாண்ட முறை இது. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது முக்கியம். மரையின் முதல் சுற்றில் தொடங்கினால் மிகை இறுக்கம். கழுத்தின் வளைவைச் சுற்றி ஓடினால் அதிர்வு. இரண்டு மரைகளுக்கு நடுவே உள்ளே திரும்பினால் பாகத்தின் ஆயுள் முடிந்தது என்று கொள்வது நல்லது.

வார்ப்பின் மேல்பரப்பில் ஓடும் வெடிப்பு மேலும் நீளாமல் தடுக்க, அதன் நுனியில் சிறு துளை போடுவது பட்டறைகளில் பழைய பழக்கம். அதன் அறிவியலை 1913இல் இங்கிலிஸ் என்ற பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். வெடிப்பின் நுனி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு விசை அங்கே குவியும். 4 மில்லிமீட்டர் ஆழ வெடிப்பின் நுனி 0.01 மில்லிமீட்டர் ஆரம் கொண்டது என்றால், அங்கே விசைச்செறிவு சுற்றியுள்ள உலோகத்தைப் போல் 41 மடங்கு. நுனியில் 2 மில்லிமீட்டர் விட்டத்துளை போட்டால் அதன் ஆரம் 1 மில்லிமீட்டர் ஆகும். செறிவு 5 மடங்காகக் குறையும். சூத்திரத்தைப் படிக்காத கைகள் இதை அனுபவத்தால் அறிந்திருந்தன. ஆனால் துளை கசிவை நிறுத்தாது, வளர்ச்சியை மட்டுமே நிறுத்தும். பிறகு அதை அடைத்தாக வேண்டும்.

அடைக்கும் முறை உலோகத்தைப் பொறுத்தது. பித்தளை எல்போவையும் எஃகுக் குழாயையும் வெள்ளிக் கலவையால் பற்றவைக்கலாம். 700 டிகிரி அளவில் உருகி, இடுக்குக்குள் தானே ஓடி நிரம்பும். ஈயப் பற்று 190 டிகிரியிலேயே உருகும், வலிமை குறைவு, அதிர்வில் விட்டுவிடும். அலுமினிய ஃபில்டர் தலையைப் பற்றவைப்பதுதான் கடினம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு தோலோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். தோல் உருகுவதற்குக் காத்திருந்தால் உள்ளே உள்ள உலோகம் வழிந்துவிடும். பல ஆண்டுகள் டீசலில் ஊறிய வார்ப்பில் எண்ணெய் நுண்துளைகளுக்குள் தங்கியிருக்கும். சுடர் பட்டதும் அது வாயுவாகிப் பற்றுக்குள் குமிழ் விடும். ஆர்கான் வெல்டிங்கில் கைதேர்ந்தவர், பாகத்தை நன்கு கழுவி, முன்சூடாக்கி, வெடிப்பை ஆங்கில வி எழுத்துப்போல் அராவித் திறந்து செய்தால் பலன் உண்டு. மரையைப் பிறகு லேத்தில் திருத்தி, தேவையானால் எஃகு புஷ் வைக்கலாம்.

உலோகத்தை உருக்கினால்தானே இந்தத் தொல்லையெல்லாம் என்ற சிந்தனையிலிருந்து வந்தது உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு. 1991இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட அந்த முறையில், சுழலும் கருவி ஒன்று அலுமினியத்தை உருக்காமல் மென்மையாக்கிப் பிசைந்து சேர்க்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையில் இயங்கும் உலோக இணைப்பு ஆய்வு மையம் இந்த முறையைப் பற்றி விரிவான ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறது. தட்டையான தகடுகளுக்கு ஏற்ற அந்த முறை, கோணலான சிறு வார்ப்புக்கு உதவாது. ஆயினும் அங்கே ஆராயப்படும் கேள்வியும் பட்டறையில் எழும் கேள்வியும் ஒன்றே: சேர்ந்த இடம் ஏன் சேராத இடத்தைவிட முதலில் உடைகிறது? பல்கலைக்கழகத்தின் அறிவு ஊர்ப் பட்டறைக்குப் பயிற்சி வகுப்பாக வந்து சேர்ந்தால் உழவருக்கு அது நேரடி நன்மை.

தற்காலிக வழிகளும் உண்டு. அவற்றை இகழக் கூடாது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தாலும், நீர் கீழணைக்கு வந்து, வடவாற்றின் வழியே வீராணம் ஏரி நிறைந்து, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளின் கடைமடை வயல்களை எட்ட நெடுநாள் ஆகும். அதற்கும் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கும் இடையில் கிடைக்கும் குறுகிய காலத்தில் சம்பாவுக்குச் சேடை (சேற்றுழவு) ஓட்டி நடவு முடிக்க வேண்டும். அந்த நாட்களில் ஒரு வண்டி நின்றால் ஒரு வயல் மட்டும் நிற்பதில்லை. அடுத்தடுத்துக் காத்திருக்கும் வயல்களும் நடவாட்களின் வேலையும் நிற்கும். அப்போது வெடிப்பின்மேல் சலவைச் சோப்பை அழுத்தித் தேய்ப்பதும், எம்-சீல் பூசுவதும், சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றிக் கட்டுவதும் நியாயமே. சோப்பு டீசலில் கரைவதில்லை. அதனால் சில மணி நேரம் தாங்கும்.

தவறு எங்கே வருகிறது என்றால், சேடை முடிந்த பிறகும் அந்தக் கட்டு அப்படியே இருப்பதில். சுற்றிய டியூப் டீசலில் ஊறி உப்பி இளகும். ஈரமான பரப்பில் பூசிய எம்-சீல் தோலாக உரியும். மரையில் சுற்றிய டெஃப்லான் நாடாவின் நுனி பிய்ந்து உள்ளே போய் ஊசி பம்பின் வாயில் சிக்கும். பேஞ்சோ போல்ட்டில் அந்த நாடாவுக்கு வேலையே இல்லை. மூன்றாம் கட்டத்து எஃகுக் குழாயில் எந்தத் தற்காலிகக் கட்டும் கூடாது. அங்கே கசிவதைக் கையால் தடவிப் பார்ப்பதும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் குண்டூசி குத்தியதுபோலத்தான் இருக்கும். சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பழுது நீங்கிய பாகத்தை மாட்டுவதிலும் முறை உண்டு. மரையைச் சுத்தம் செய்து, கையாலேயே கடைசிவரை ஏற்ற வேண்டும். கையால் ஏறாதது ஸ்பேனரால் ஏறினால் மரை கெடும். குழாயை இரு முனைகளிலும் தளர்வாக மாட்டி, அது தானாக உட்காருகிறதா என்று பார்த்து, இழுப்பு இருந்தால் வளைவைத் திருத்த வேண்டும். புதிய செப்பு வாஷர்களைப் போட்டு, இணைப்பின் உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் இறுக்க வேண்டும். அப்போதுதான் இறுக்கும் விசை வார்ப்பின் கழுத்தை முறுக்காது. காணாமல் போன கிளாம்ப்புகளை ரப்பர் வைத்துப் பொருத்த வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் விட்டுப்போவது இந்த வேலைதான். வெடிப்பு மறுபடி வருவதும் இதனால்தான்.

பிறகு ஏர் எடுக்க வேண்டும். முதலில் ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைநெம்பை அடித்து, குமிழற்ற டீசல் வரும்வரை விட்டு மூட வேண்டும். அடுத்து ஊசி பம்பின் திருகு. கடைசியில் நாசில் பக்கத்து நட்டுகளைச் சற்றே தளர்த்தி எஞ்சினைச் சுழற்ற வேண்டும். வரிசை மாறினால் காற்று நடுவில் சிக்கும். கிண்ணத்தில் நீர் தங்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம் போன்ற காலங்களில் கடலூர் மாவட்டத்தில் நீரில் நின்ற வண்டிகளுக்கு இது கட்டாயம். கடலோர ஈரக்காற்றில் பாதி நிறைந்த தொட்டிக்குள் நாள்தோறும் நீர் திவலையாகப் படிவதால் மற்ற வண்டிகளுக்கும் தேவை.

எஞ்சினை ஓடவிட்டு, இணைப்பைத் துடைத்து உலர்த்தி, சாக்பீஸ் தூளை மறுபடி பூசி, சூடேறும்வரை பார்க்க வேண்டும். தூள் வெள்ளையாகவே இருந்தால் கசிவு நின்றது. நிறுத்திய பிறகும் ஓர் இரவு விட்டுக் காலையில் பார்ப்பது உறிஞ்சல் பக்கத்துக்கான சோதனை. முதல் சுழற்சியிலேயே எஞ்சின் பிடித்தால் காற்று நுழையவில்லை என்று கொள்ளலாம். ஒரு நாள் வயல் வேலைக்குப் பின் இணைப்பைக் கையால் அசைத்து, கிளாம்ப்புகளைச் சரிபார்த்தால் வேலை முழுமையடைகிறது. கழற்றிய பழைய பாகத்தை உடனே எறியாமல், வெடிப்பு ஓடிய திசையை வண்டிக்காரருக்குக் காட்டிக் காரணத்தைச் சொல்லி அனுப்பும் மெக்கானிக், அடுத்த வெடிப்பையும் சேர்த்தே தடுக்கிறார்.